மும்பையில் கால் உடைந்து தனியாகக் கிடப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் பாளையங்கோட்டை. அந்தேரியில் வேலை. வெர்சோவா யாரி ரோட்டில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் இரண்டு பேரோடு அறையைப் பங்கிட்டுக்கொண்டு இருக்கிறேன். ஒரு ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை, கடல் வற்றியிருக்கிறதே என்று பாறைமேல் ஏறி நின்று போட்டோ எடுக்கப் போனேன். பாசி வழுக்கி இடது கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு, அப்புறம் இரண்டு மாதம் நொண்டல். அதிலிருந்து, நம் பக்கத்திலிருந்து வந்து இங்கே எதையாவது உடைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு என் நம்பர் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்தான் இவை. நான் டாக்டர் இல்லை. கட்டுப் போட்டுக் கிடந்தவன், அவ்வளவுதான்.

விழுந்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

விழுந்த இடம் கடற்கரை என்றால் முதலில் தண்ணீருக்கு எட்டாத இடத்துக்கு நகர வேண்டும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நாம் பழகிய கடல் வேறு. சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குள் முடிந்துவிடும். மும்பையில் அது சில நாட்களில் நான்கு, ஐந்து மீட்டர் வரை போகும். இங்குள்ள கோலி மீனவர்கள் ஏற்றத்தைப் பரதி என்றும் இறக்கத்தை ஓஹோட்டி என்றும் சொல்வார்கள். ஓஹோட்டியில் வெளியே தெரிகிற பாறை நாளுக்கு இரண்டு முறை மூழ்கி எழுந்த பாறை. அதனால்தான் அவ்வளவு பாசி. நான் விழுந்து "ஐயோ" என்று உட்கார்ந்திருந்த கால் மணி நேரத்தில் தண்ணீர் என் செருப்பைக் கொண்டுபோய்விட்டது.

நகர்ந்த பிறகு, காலை இழுக்கவோ நீவவோ யாரையும் விடாதீர்கள். சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது "கொஞ்சம் எண்ணெய் தேய்த்து நீவினால் சரியாகிவிடும்" என்பார். கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அடிபட்டது கை என்றால் மோதிரம், வளையல், கால் என்றால் கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றுங்கள். வீங்கியபின் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், நேரடியாகத் தோலில் வேண்டாம். எனக்கு ஐஸ் கொடுத்தது மீன் விற்கும் ஒரு கோலி அம்மா. பொம்பில் மீன் வாசத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். கால் கோணலாகத் தெரிந்தால் டீ, வடாபாவ் எதுவும் உள்ளே போக வேண்டாம். அன்றே மயக்க மருந்து கொடுக்க நேரலாம்.

சுளுக்கா, முறிவா? எப்படித் தெரிந்துகொள்வது?

எக்ஸ்ரே எடுத்துத்தான். ஆனால் எக்ஸ்ரே தேவையா என்று பார்க்க டாக்டர்களே வைத்திருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: அடிபட்ட காலை ஊன்றி நான்கு எட்டு வைக்க முடியவில்லை, அல்லது கணுக்காலில் இருபுறமும் துருத்தி நிற்கிற எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். "நொண்டி நொண்டி நடக்கிறேனே, அப்போ முறியவில்லை" என்பது தப்புக்கணக்கு. சின்ன முறிவோடு ஒரு வாரம் ஆபீஸ் போய்வந்த ஆளை எனக்குத் தெரியும்.

108ஐக் கூப்பிடுவதா, ஆட்டோ பிடிப்பதா?

ஊரில் உள்ள அதே 108தான் மகாராஷ்டிராவிலும். தலையில் அடி, முதுகு அல்லது இடுப்பில் அடி, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிவது, பாதம் வெளிறிச் சில்லிட்டுப் போவது, இதில் எது இருந்தாலும் அசைக்காமல் 108. மற்றபடி கணுக்கால், மணிக்கட்டு போன்றவற்றுக்கு ஆட்டோவே போதும். பின்சீட்டில் காலை நீட்டி உட்காருங்கள். பாந்த்ராவுக்கும் சயானுக்கும் தெற்கே ஆட்டோ கிடையாது என்பது புதிதாக வந்தவர்களுக்குத் தெரிவதில்லை. தெற்கே கிர்காவ் சௌபாட்டிக் கடற்கரையில் விழுந்துவிட்டு ஆட்டோவுக்குக் காத்திருந்தால் விடிந்துவிடும். அங்கே டாக்சிதான்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?

கையில் இன்சூரன்ஸ் இருந்து, அந்தப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கப்பட வேண்டாம். மேற்குப் புறநகரில் கூப்பர், தாராவி பக்கம் சயான், பரேலில் கேஇஎம், மும்பை சென்ட்ரலில் நாயர், எல்லாமே மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தவை. ஒரு நாளில் அங்கே வருகிற எலும்பு முறிவைப் பல தனியார் இடங்கள் ஒரு மாதத்தில்கூடப் பார்க்காது. போனதும் கேஸ் பேப்பர் எடுக்கச் சொல்வார்கள். அந்தத் தாளைத் தொலைத்தால் நீங்கள் ஆளே இல்லை. முதல் வேலையாகப் போனில் படம் எடுத்து வையுங்கள். கூட்டம் உண்டு, காத்திருக்க வேண்டும். வார்டில் உதவுகிற ஆண்களை மாமா என்றும் பெண்களை மாவ்ஷி என்றும் கூப்பிட வேண்டும். மாவ்ஷி என்றால் சித்தி, பெரியம்மா முறை. முறை வைத்துக் கூப்பிட்டால் ஸ்ட்ரெச்சர் சீக்கிரம் வரும், நம் ஊரைப் போலவேதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயைப் பார்த்த ஐந்து நிமிடத்தில் "பிளேட் வைக்க வேண்டும், இன்றைக்கே அட்வான்ஸ் கட்டுங்கள்" என்றார்கள். பயத்தில் கட்டியிருப்பேன். என் அறைத்தோழன்தான் எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு என்னை மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனான். அங்கே இரண்டு டாக்டர்கள் பார்த்துவிட்டு, எலும்பு விலகவில்லை, மூட்டு நிலையாக இருக்கிறது, மாவுக்கட்டே போதும் என்றார்கள்.

இதை வைத்து ஆபரேஷன் என்றாலே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். எலும்பு விலகி, மூட்டும் நழுவியிருந்தால் பிளேட் வைக்காமல் விட்டால் வாழ்நாள் முழுக்க வலி. கேட்க வேண்டியது மூன்று கேள்விகள்: எலும்பு விலகியிருக்கிறதா? மூட்டு நிலையாக இருக்கிறதா? ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்? தோல் கிழிந்த முறிவு, மூட்டு நழுவல், ரத்த ஓட்டம் தடைப்பட்ட பாதம், இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. மற்றதில் இன்னொரு டாக்டரிடம் காட்ட நேரம் இருக்கும்.

இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. டாக்டரிடம் என்ன சொல்வது?

டாக்டர்களிடம் ஆங்கிலம் போதும். நர்ஸ், மாமா, எக்ஸ்ரே எடுப்பவர், ஆட்டோக்காரர், இவர்களிடம்தான் சிக்கல். ஒரு பத்துச் சொல் போதும். கால் மடங்கிவிட்டது என்பதற்கு "பைர் முட் கயா". அடிபட்டுவிட்டது, "லக் கயா". வீங்கிவிட்டது, "சூஜ் கயா". எலும்பு "ஹட்டி". சுளுக்கு "மோச்". எரிகிறது என்றால் "ஜலன்". ஊசி குத்துகிற மாதிரி இருந்தால் "ஜுன்ஜுனி". மரத்துப்போனால் "சுன்ன". கடைசி இரண்டையும் மனப்பாடம் செய்து வையுங்கள். கட்டுப் போட்டபின் இந்த இரண்டும்தான் முக்கியமான புகார்கள், அப்போது கையால் ஜாடை காட்டினால் புரியாது.

மராத்தியில் வலிக்கிறது என்பது "துக்தய்". காலுக்கு "பாய்". விரித்துப் படுக்கிற பாயும் இல்லை, அண்ணன் என்று கூப்பிடுகிற பாயும் இல்லை. "பாய் துக்தய்" என்று நான் சொன்னதும் மாவ்ஷி சிரித்துவிட்டுத் தலையணையைக் காலுக்கு அடியில் வைத்தார். எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் அதை மட்டும் ஆங்கிலத்தில் தாளில் எழுதி நீட்டுங்கள். அங்கே உங்கள் இந்தியைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

சயான், தாராவி, செம்பூர் பக்கம் போனால் வரிசையில் முன்னாலோ பின்னாலோ தமிழ் பேசுகிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். "அண்ணே, தமிழா?" என்று கேட்டுப் பாருங்கள்.

அம்மாவிடம் சொல்லலாமா?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இதுதான், முறிவைவிட இதுதான் அவர்களைப் படுத்துகிறது. மறைக்காதீர்கள். நான் ஒன்பது நாள் மறைத்தேன். வீடியோ கால் வேண்டாம், நெட் சரியில்லை என்று சாக்கு. பத்தாவது நாள் பின்னணியில் குக்கர் விசில் அடித்தது. நான் எழுந்து போகவில்லை. ஏழு விசில் அடித்தும் எழவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கால் உடைந்ததற்கு அவள் அழவில்லை, ஒன்பது நாள் சொல்லாததற்குத்தான் அழுதாள். இன்றைக்கும் போனில் பேச்சு தடைப்பட்டால் "எந்திரிச்சு நட, பார்ப்போம்" என்கிறாள்.

ஆனால் விழுந்த இடத்திலிருந்தே அழைத்து அலறவும் வேண்டாம். எக்ஸ்ரே வந்து, டாக்டர் என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்தபின் சொல்லுங்கள். எந்த எலும்பு, எத்தனை வாரம், கூட யார் இருக்கிறார்கள், சாப்பாட்டுக்கு என்ன வழி, இந்த நாலுக்கும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முடிந்தால் முதலில் அக்காவிடமோ சித்தப்பாவிடமோ சொல்லி, அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அம்மாவிடம் சொல்லுங்கள். "நான் கிளம்பி வர்றேன்" என்பார்கள். கட்டுப் போட்ட முதல் வாரத்துக்கும், கட்டுப் பிரித்த வாரத்துக்கும் ஆள் தேவை. நடுவில் அவ்வளவு தேவைப்படாது. அதைப் பார்த்து டிக்கெட் போடச் சொல்லுங்கள்.

புத்தூர்க் கட்டுப் போட்டால் சீக்கிரம் சரியாகும் என்று தாத்தா சொல்கிறார். போகலாமா?

நான் போகவில்லை, போகச் சொல்லவும் மாட்டேன். அந்தக் கட்டில் குணமானவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், உண்மை. விலகாத எலும்பு அசையாமல் இருந்தாலே சேரும், யார் கட்டினாலும். பிரச்சினை விலகிய எலும்பிலும், இறுக்கிக் கட்டுவதிலும்தான் வருகிறது. இறுக்கிய கட்டுக்குள் வீக்கம் ஏறினால் தசைக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்தில் தசை அழுகத் தொடங்கிவிடும். தாத்தாவிடம் "எக்ஸ்ரே பார்த்துக் கட்டியிருக்கிறார்கள் தாத்தா" என்று மட்டும் சொன்னேன். சண்டை போடவில்லை.

மாவுக்கட்டோடு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதல் இரண்டு மூன்று நாள் காலை நெஞ்சைவிட உயரத்தில் வைத்துப் படுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எதிரே ஸ்டூலில் வைப்பது போதாது. விரல்களை மணிக்கொருமுறை அசையுங்கள். நாள் ஆக ஆக வலி குறைய வேண்டும். மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போனால், விரல் நீலம் பாரித்தால், சில்லிட்டால், மரத்துப்போனால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும் அப்படித்தான். அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போகலாம்.

மும்பை மழையில் கட்டைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பது தனிப் பாடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை துவைத்த சட்டையே மூன்று நாள் காயாது. நனைந்த மாவுக்கட்டு இளகிவிடும், உள்ளே தோல் ஊறிப் புண்ணாகும். கொஞ்சம் செலவானாலும் மழைக்காலத்தில் ஃபைபர் கட்டுக் கேளுங்கள். அதிலும் உள்ளே இருப்பது பஞ்சுதான், நனைக்கக் கூடாது. நாற்றம் அடித்தாலோ ஓரத்தில் ஈரம் கசிந்தாலோ காட்டிவிடுங்கள். அரிப்புக்கு ஸ்கேல், பின்னல் ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். கட்டின்மேல் தட்டுங்கள், ஃபேனுக்கு நேரே நீட்டுங்கள், திட்டுங்கள். அதற்குமேல் வழியில்லை.

லிஃப்ட் இல்லை. மூன்று மாடி. எப்படி?

ஏறும்போது நல்ல கால் முதலில் போகும், அப்புறம் அடிபட்ட காலும் ஊன்றுகோலும். இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில், நல்ல கால் பின்னால். ஒரு பக்கம் கைப்பிடி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஊன்றுகோலையும் மறுகையில் சேர்த்துக்கொள்ளலாம். பயமாக இருந்தால் படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே ஏறுங்கள். கௌரவம் பார்க்காதீர்கள். நான் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் ஏறினேன். இரண்டாவது மாடிக் குழந்தை என்னோடு சேர்ந்து அதே மாதிரி ஏறி விளையாடியது.

ஊன்றுகோலை அக்குளில் இடித்துத் தொங்கக் கூடாது. அக்குளுக்கும் ஊன்றுகோலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், எடை முழுக்க உள்ளங்கையில் விழ வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் கட்டிட நுழைவாயில் டைல்ஸ் இன்னொரு காலையும் கேட்கும்.

நாளுக்கு ஒரு முறைக்குமேல் இறங்காமல் இருக்க நான் செய்த ஏற்பாடு ஒரு கூடையும் கயிறும். தாராவியிலிருந்து சைக்கிளில் ரப்பர் ஹாரன் அடித்துக்கொண்டு இட்லி வடை கொண்டுவரும் அண்ணன் ஒருவர் எங்கள் சந்துக்கு வருவார். அவருக்கும் நம் திருநெல்வேலிப் பக்கம்தான். ஹாரன் கேட்டதும் ஜன்னல் வழியே கூடையை இறக்குவேன். இட்லி மேலே வரும், காசு கீழே போகும். வீட்டுக்காரர் மட்டும் "இது என்ன கிணறா?" என்று ஒரு நாள் கேட்டார்.

குளியல், கழிப்பறை?

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குளியுங்கள். காலுக்குப் பெரிய பிளாஸ்டிக் பையை இரண்டு சுற்று கட்டி, தண்ணீருக்கு வெளியே நீட்டி வையுங்கள். குந்தி உட்காருகிற கழிப்பறை மட்டும்தான் என்றால் கமோட் நாற்காலி வாங்குங்கள். மருத்துவச் சாமான் கடைகளில் வாடகைக்கும் கிடைக்கும். இதை முதல் நாளே செய்யுங்கள், மூன்றாம் நாள் வரை தள்ளிப்போட்டவன் சொல்கிறேன்.

என்ன சாப்பிட வேண்டும்? பிரண்டை கிடைக்குமா?

மாட்டுங்கா மார்க்கெட்டில் நம் ஊர்க் காய்களும் வாழையிலையும் கிடைக்கும், பிரண்டைக்குச் சொல்லிவைக்க வேண்டியிருக்கலாம். என் அம்மா ஒரு கட்டுப் பிரண்டையை ஈரத்துணியில் சுற்றி ரயிலிலேயே கொண்டுவந்துவிட்டாள். துவையல் நன்றாகத்தான் இருந்தது. எலும்பு அதனால் ஒட்டியதா என்று கேட்டால் நான் அம்மா பக்கம் பார்த்துவிட்டு ஆமாம் என்பேன். பால், தயிர், முட்டை, கேழ்வரகு, பருப்பு, முள்ளோடு தின்கிற நெத்திலிக் கருவாடு, இதெல்லாம் போதும். ஆட்டுக்கால் சூப்பும் குடியுங்கள், யார் வேண்டாம் என்றது? சிகரெட்டை மட்டும் நிறுத்துங்கள். அது எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும் என்பதில் டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. யாரிடம் கேட்பது?

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போவார்கள். நீங்களும் சொல்ல மாட்டீர்கள், அவர்களும் கேட்க மாட்டார்கள். அதனால் ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்துக் கேளுங்கள். அறைத்தோழனுக்குக் காலையில் ஃபிளாஸ்கில் வெந்நீரும் குடத்தில் குடிதண்ணீரும். சொசைட்டி வாட்ச்மேனுக்கு மருந்துக்கடை. வீட்டு வேலைக்கு வருகிற பாயிக்கு அரை மணி நேரக் கூடுதல் வேலை, கூடுதல் சம்பளம். ஆபீஸ் நண்பனுக்கு வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரித் துணை. ஒரே ஆள் தலையில் எல்லாவற்றையும் ஏற்றினால் மூன்றாம் வாரம் அவன் முகம் மாறிவிடும். மாறத்தான் செய்யும்.

ஊன்றுகோல் பிடித்த கையில் ஒரு டம்ளர் டீகூட எடுத்துப்போக முடியாது, இது விழுந்தவனுக்குத்தான் தெரியும். மூடி போட்ட பாட்டில், தோளில் குறுக்கே மாட்டும் பை, இரண்டும் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது.

இன்சூரன்ஸ், இஎஸ்ஐ, ஆபீஸ் லீவு?

மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்து 30 நாள் ஆகவில்லையே என்று பயப்படாதீர்கள். அந்தக் காத்திருப்பு நோய்களுக்குத்தான், விபத்துக்கு இல்லை. ஆனால் சேர்த்துக்கொள்ளாமல் வெளிநோயாளியாகக் கட்டுப் போட்டு அனுப்பினால் பெரும்பாலான பாலிசியில் பணம் வராது. படித்துப் பாருங்கள். தனிநபர் விபத்துப் பாலிசி இருந்தால், வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு ஒரு தொகை தருகிற பிரிவு அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களே, பிரதமர் விபத்துக் காப்பீடு, அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். சேர்ந்துவிடுகிற எலும்புக்கு இல்லை.

சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தால், எந்த மாநில அட்டையானாலும் இங்கே செல்லும். சந்தாக் கணக்கு சரியாக இருந்தால், வேலைக்குச் சம்பந்தமில்லாத அடிக்கு 70 சதவீதச் சம்பளம், வருடத்தில் 91 நாள் வரை. வேலையிடத்தில் பட்ட அடி என்றால் 90 சதவீதம். வேலைக்குப் போகிற, திரும்புகிற வழியில் பட்ட அடியும் இதில் சேரும். பலர் இதைக் கேட்பதே இல்லை. முதலாளியிடம் விபத்து அறிக்கை போடச் சொல்லுங்கள். சாலை விபத்து என்றால் 2025இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, பணம் கட்டாமல் சிகிச்சை பெற வழியுண்டு. போலீஸ் பதிவைத் தவிர்க்காதீர்கள்.

பில், எக்ஸ்ரே பிலிம், டாக்டர் சீட்டு எதையும் எறியாதீர்கள். ஒரு ஜவுளிக்கடைப் பை போதும், எல்லாம் ஒரே இடத்தில்.

பேசாமல் ஊருக்குப் போய்விடலாமா?

யோசியுங்கள். ஊரில் சோறும் ஆளும் உண்டு. ஆனால் கட்டுப் போட்ட டாக்டர் இங்கே இருப்பார். முதல் இரண்டு வாரத்தில் மறு எக்ஸ்ரே எடுத்து எலும்பு நழுவவில்லை என்று உறுதி செய்வார்கள், அதுவரை இங்கே இருப்பது நல்லது. அதன்பின் போகலாம். திருநெல்வேலிப் பக்கம் ரயிலில் ஒன்றரை நாள். கீழ்ப் படுக்கை இல்லாமல் கிளம்பாதீர்கள், கழிப்பறைக்கு அருகில் உள்ள படுக்கை கிடைத்தால் நாற்றத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் என்றால் கட்டுப் போட்ட முதல் இரண்டு நாளில் வேண்டாம். பறக்கும்போது கால் வீங்கும், முழுக்கட்டு இறுக்கும். டாக்டர் சீட்டு வாங்கி, சக்கர நாற்காலிக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவையுங்கள்.

நான் போகவில்லை. போயிருந்தால் திரும்பி வந்திருப்பேனா என்பது எனக்கே சந்தேகம்.

எலும்பு முறிவு இல்லை, கடலில் ஏதோ கொட்டிவிட்டது. என்ன செய்வது?

மழைக்காலத்தில் ஜூஹு, கிர்காவ் பக்கம் நீலக் குமிழ் மாதிரி ஒன்று கரை ஒதுங்கும், சொறி மீனுக்கு உறவு. 2018 ஆகஸ்டில் ஜூஹுவில் பலரைக் கொட்டியது. ஒட்டியிருக்கும் இழைகளை வெறுங்கையால் தொடாமல் எடுத்து, கடல்நீரில் அலசி, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். சிறுநீர் ஊற்றுவது, தேய்ப்பது வேண்டாம். திருக்கை குத்தினாலும் வெந்நீர்தான், ஒரு மணி நேரம் வரை. ஆனால் முள் உள்ளே முறிந்திருக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போக வேண்டும். 2013 பிள்ளையார் கரைப்பின்போது கிர்காவில் நிறையப் பேர் இப்படிக் குத்துப்பட்டார்கள். மூச்சுத் திணறினால் இரண்டிலுமே 108.

சிப்பி, கண்ணாடி கிழித்த காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அழுக்குக் காயத்துக்கு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடுவார்கள். அந்தக் காயத்தோடு தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரில் நடந்தீர்கள் என்றால் மூன்று நாளுக்குள் டாக்டரிடம் சொல்லுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் லெப்டோ காய்ச்சலுக்கு முன்கூட்டியே மாத்திரை உண்டு. 2005 ஜூலை 26இல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய பிறகு இந்த நகரம் பட்ட பாடுகளில் அதுவும் ஒன்று.

படுத்தே கிடந்து மனசு என்னவோ போல இருக்கிறது.

இருக்கும். எனக்கு மூன்றாவது வாரம்தான் மோசம். முதல் வாரம் எல்லோரும் வந்து பார்ப்பார்கள், இரண்டாவது வாரம் போன் செய்வார்கள், மூன்றாவது வாரம் அவரவர் வேலை அவரவருக்கு. ஜன்னலைத் திறந்தால் கடல் சத்தம் கேட்கும், போக முடியாது. இந்த ஊருக்கு ஏன் வந்தோம் என்று அப்போதுதான் தோன்றும். அந்த வாரத்தில் வேலையை விடுவது, ஊருக்கே போய்விடுவது என்று எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

எனக்கு உதவியது சின்னச் சின்ன விஷயங்கள். தினமும் காலையில் குளித்துச் சட்டை மாற்றுவது. பகலில் கட்டிலில் படுக்காமல் நாற்காலியில் இருப்பது, காலை மட்டும் உயர்த்தி வைத்து. சாயங்காலம் படியிறங்கி வாட்ச்மேன் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்வது. பீகார்க்காரர், பெயர் சொன்னால் கூச்சப்படுவார். எனக்கு இந்தி வந்தது அந்த ஆறு வாரத்தில்தான். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், அழுகை நிற்காமல் இரண்டு வாரம் போனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், கால் வலியைச் சொல்வது போலவே.

வேலைக்கு எப்போது? போக்குவரத்து?

டாக்டர் ஊன்றலாம் என்று சொன்ன பிறகு. வெர்சோவா–அந்தேரி–காட்கோபர் மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது. கட்டோடு நான் நம்பியது அதை மட்டும்தான். லோக்கல் ரயிலை, அதுவும் காலை ஒன்பது மணி லோக்கலை, நல்ல கால் இரண்டும் இருப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

கட்டுப் பிரித்தாயிற்று. கால் மெலிந்து குச்சி மாதிரி இருக்கிறதே?

எல்லோருக்கும் அப்படித்தான். தோல் உரியும், முடி அதிகமாகத் தெரியும், சாயங்காலமானால் வீங்கும். பிசியோதெரபிக்குப் போங்கள். பணமில்லை என்றால் இரண்டு மூன்று முறையாவது போய்ப் பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்யுங்கள். எலும்பு ஆறு வாரத்தில் சேர்ந்தது, கணுக்கால் பழையபடி மடங்க நான்கு மாதம் ஆனது. பல் துலக்கும்போது அந்த ஒற்றைக்காலில் நிற்பது நல்ல பயிற்சி, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு.

மறுபடி கடற்கரையில் எப்போது நடக்கலாம்?

தட்டையான தரையில் அரை மணி நேரம் வலியில்லாமல் நடக்க முடிந்த பிறகு. காய்ந்த மணலில் கால் புதையும், கணுக்கால் பக்கவாட்டில் திரும்பும், அங்கே தொடங்காதீர்கள். ஓஹோட்டி நேரத்தில் தண்ணீரை ஒட்டி இறுகிக் கிடக்கும் ஈர மணல்தான் நல்லது. போவதற்குமுன் அன்றைய ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் நாலரை மீட்டருக்குமேல் கடல் ஏறும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவித்துவிடும், அந்த நாட்களில் கரைப்பக்கமே போக வேண்டாம்.

நான் ஜனவரியில் போனேன். அந்த மீன்கார அம்மா அடையாளம் கண்டுகொண்டு, "பாய் கஸா ஆஹே?" என்று கேட்டார். கால் எப்படி இருக்கிறது என்று. நான் நின்ற இடத்திலேயே இரண்டு எட்டு நடந்து காட்டினேன். அரைக்கிலோ பொம்பில் வாங்க வைத்துவிட்டார், ஐஸ் இலவசம்.